மதிலுக்கு வெளியே ஒரு பூங்கா

மகளுக்குக் கல்யாணப் பட்டு எடுக்கத்தான் ஈப்போவிலிருந்து கிளம்பினேன். ஆனால் இந்தக் கட்டுரையில் சேலையைத் தேடாதீர்கள். காஞ்சிபுரத்தில் வந்த அன்றைக்கே எடுத்துப் பெட்டியில் பூட்டியாயிற்று. மகளுக்கு நிறம் பிடிக்கவில்லை என்பது தனிக் கதை. மிச்சமிருந்த நாட்களைக் கூடுவாஞ்சேரியில் என் சின்னம்மா மகன் ஏழுமலையின் வீட்டில் கழித்தேன். அங்கே பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

ஏழுமலை எனக்குத் தம்பி முறை. மறைமலைநகரில் கார்க் கதவுக்குப் பூட்டு செய்யும் தொழிற்சாலையில் வேலை. பேச்சு மட்டும் அந்தத் தொழிற்சாலை முழுவதுக்கும் கேட்கிற மாதிரி இருக்கும். மனைவி கோமதி அதற்கு நேர்மாறு. நாம் பத்து வார்த்தை பேசினால் ஒரு புன்னகை திரும்பி வரும். ஒரே மகள் ஜனனி, ஏழாம் வகுப்புக்குப் போகப் போகிறாள்.

கூடுவாஞ்சேரியை எனக்கு முதல் காலையிலேயே பிடித்துவிட்டது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தலை ஈரம் காயாமல், கம்பெனிப் பேருந்துக்காகச் சாலையோரம் வரிசையாக நிற்கிற ஆண்களும் பெண்களும் ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் இன்னொரு கையில் போனுமாக இருந்தார்கள். ஒரு பேருந்து வந்து பத்துப் பேரை விழுங்கிவிட்டுப் போனால் அடுத்தது வந்து நிற்கும். யாரும் யாரையும் இடிக்கவில்லை. எங்கள் ஊரில் ஆளுக்கொரு காரில் ஏறிக்கொண்டு ஆளுக்கொரு நெரிசலில் தனியாகத் திட்டிக்கொண்டிருப்போம்.

"நாஸ்தா துன்னலாம் வாக்கா" என்று ஏழுமலை ஒரு கடைக்கு இழுத்துப் போனான். இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். கடலைப்பருப்பு வடையை உதிர்த்துப் போட்டு, பட்டை சோம்பு மணக்க ஒரு குழம்பு. ஐம்பது வருடமாக நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு தின்று வளர்ந்த நாக்கு அன்று கட்சி மாறியது. இரண்டாவது தட்டைக் கேட்டபோது ஏழுமலை கடைக்காரரிடம், "பாத்துக்க அண்ணாத்த, மலேசியாலேர்ந்து பிளேன் புடிச்சி உன் வடகறிக்கு வந்துகீது" என்றான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.

வீடு திரும்பியபோது ஜனனி வாசல் கேட்டின் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்ற?"

"வளர்றேன் அத்தை."

போன வருடக் கோடை விடுமுறையில் ஏழுமலை அவளைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குக் கூட்டிப்போயிருக்கிறான். அங்கே ரோலர் கோஸ்டர் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் அதைப் 'பெரிய ரயில்' என்கிறார்கள். டிக்கெட் எடுக்கும் இடத்தில் உயரம் அளக்கிற பலகை. கோட்டுக்குக் கீழே இருந்தால் குட்டி டிக்கெட், கையில் மஞ்சள் பட்டை. கோட்டைத் தாண்டினால் முழு டிக்கெட், பச்சைப் பட்டை. பெரிய ரயிலில் பச்சைப் பட்டைக்காரர்களை மட்டும்தான் ஏற்றுவார்கள். போன வருடம் ஜனனிக்குக் கட்டைவிரல் அளவு குறைந்துவிட்டது. ரயிலடி வரைக்கும் வரிசையில் நின்றவளை, மஞ்சள் பட்டையைப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து தொங்கல், பால், பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து.

"நாளை மறுநாள் போறோம் அத்தை. இந்த வாட்டி தாண்டிடுவேன்" என்றாள். முகத்தில் விளையாட்டே இல்லை.

மறுநாள் மாமல்லபுரம். கல்லைப் பார்த்து வாய் பிளந்தேன் என்று எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், ஆனால் பிளந்தேன். ஒரு முழுப் பாறையில் யானைக் கூட்டத்தையே நிற்க வைத்திருக்கிறார்கள். குட்டி யானைகள் தாயின் காலடியில் நிற்கிற நிதானத்தைப் பார்த்தால் கைகூப்பத் தோன்றுகிறது. நுழைவுச் சீட்டில்தான் சின்னச் சிக்கல். உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைப் போலப் பல மடங்கு. "நீ வாயே தொறக்காத, நான் பாத்துக்கறேன்" என்று ஏழுமலை சொல்லியிருந்தான். சீட்டு கொடுத்தவர் என்னைப் பார்த்து, "நாலு பேரா?" என்றார். "ஆமாம் லா" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சில் தானாக ஒட்டிக்கொள்ளும் அந்த ஒற்றை 'லா'வில் குட்டு உடைந்தது. பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டிவிட்டேன். ஏழுமலை அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை.

வெண்ணெய் உருண்டை என்கிற பெரிய பாறை சரிவில் விழாமல் நிற்கிறது. அதற்குப் பக்கத்திலுள்ள சரிவுப் பாறைதான் அங்கே உண்மையான கூட்டம் சேர்க்கிறது. பிள்ளைகள் ஏறுகிறார்கள், உட்கார்ந்து வழுக்கி வருகிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள். எத்தனையோ தலைமுறைக் கால்சட்டைகள் தேய்த்துத் தேய்த்துப் பாறை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஏழுமலையே இரண்டு முறை வழுக்கினான். இரண்டாவது முறை பேன்ட் கிழிந்தது. அதற்கப்புறம்தான் என்னோடு ராசியானான்.

மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்னும்போது பூங்காப் பேச்சு வந்தது. "நான் மொத தபா போனப்போ இருந்த வெலை இன்னா, இப்போ கீற வெலை இன்னா! வருசா வருசம் ஏத்திகினே போறான்க்கா. லீவு நாளுன்னா தனி வெலை. பருத்தித் துணி போட்டு தண்ணில எறங்கக் கூடாதாம், நைலான் டிரஸ்ஸு வாடகைக்கு எடுக்கணும். வெளிச் சோறும் கொண்டு போவக் கூடாது." பிறகு மகள் பக்கம் திரும்பினான். "ஜனனி, நாளைக்கு அந்தப் பலகைக்கிட்ட லேசா முட்டிய மடக்கி நின்னுக்க. குட்டி டிக்கெட் போட்டுடலாம்."

"மஞ்சப் பட்டை போட்டா பெரிய ரயில்ல ஏத்த மாட்டாங்கப்பா."

"அதெல்லாம் உள்ள போயி பாத்துக்கலாம்."

அவன் கெட்ட அப்பன் இல்லை. நாலு பேருக்கும் கணக்குப் போட்டுத்தான் கூட்டிப்போகிறான், அதில் என் டிக்கெட்டும் சேர்த்தி. ஜனனிக்குக் குட்டி டிக்கெட் என்றால் கணக்கு நேராகும். ஜனனி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பூங்காவுக்குக் கிளம்பினோம். பகிர்வு ஆட்டோவில் எங்களோடு இன்னும் ஆறு பேர், ஒரு கூடை முருங்கைக்காய், ஒரு மின்விசிறி. திருப்போரூரைத் தாண்டியதும் டயர் பஞ்சர். ஓட்டுநர் இறங்கிப் பார்த்து, "பேஜாரா பூடுச்சி" என்று அறிவித்துவிட்டு, வந்த டவுன் பஸ்ஸை அவரே கை காட்டி நிறுத்தி, எங்களை ஏற்றிவிட்டு, எங்கள் புளிசாதத் தூக்கையும் ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். எங்கள் ஊர் டாக்சிக்காரர் பஞ்சரான நேரத்துக்கும் மீட்டர் போடுவார். நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை தெரிந்தது. "இங்க உப்பை எடுத்துட்டு பட்டணத்துக்கு அனுப்பறாங்க. எங்க கொயாய்ல வர்றதுல மட்டும் அந்த உப்பைப் போட்டுடறாங்க போல" என்றான் ஏழுமலை. பஸ்ஸே சிரித்தது.

பூங்கா வாசல் திருவிழாக் கோலத்தில் இருந்தது. கலர் கலரான கோபுரங்கள், பாட்டு, உள்ளே எங்கேயோ கூட்டமாக அலறல். டிக்கெட் வரிசையில் நிற்கும்போது ஓர் அதிசயத்தைக் கண்டேன். முன்னால் நின்ற பிள்ளைகள் எல்லோரும் பலகையை நெருங்க நெருங்கக் குட்டையாகிக்கொண்டே போனார்கள். நன்றாக வளர்ந்த ஒரு பையன் கழுத்தைத் தோளுக்குள் இழுத்து, முட்டியை மடக்கி, ஆமையாகவே ஆகிவிட்டான். அளக்கிற இளம்பெண் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மஞ்சள் பட்டையைக் கட்டினாள். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்தது.

எங்கள் முறை வந்தது. ஏழுமலை குனிந்து மகள் காதில் ஏதோ சொன்னான். ஜனனி செருப்பைக் கழற்றினாள். குதிகாலைப் பலகையோடு ஒட்டி வைத்தாள். முதுகை நிமிர்த்தினாள், மோவாயைத் தூக்கினாள், கண்ணை நேராக வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது நிற்பார்களே, அந்த நிலை. தலை கோட்டைத் தாண்டியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் சந்தேகமில்லாமல் தாண்டியிருந்தது.

"ஜனனி" என்றான் ஏழுமலை மெதுவாக.

"நேரா நிக்கிறேன்பா."

அளக்கிற பெண் ஏழுமலையைப் பார்த்தாள். "ஃபுல் டிக்கெட் சார்" என்றாள். ஏதோ அவளே தப்பு செய்துவிட்ட மாதிரிக் குரல்.

அன்று விடுமுறை நாள் விலை என்று பலகையில் போட்டிருந்தது. ஏழுமலை நினைத்து வந்த விலை அதில்லை. போனை எடுத்துப் பார்த்தான், சட்டைப் பையைத் தொட்டான், உதடு அசைந்தது. நான் பர்ஸைத் திறந்தேன். என் கையை அப்படியே மூடினான். "வேணாங்க்கா. நீ வூட்டுக்கு வந்த விருந்தாளி. எம் பொண்ணுக்கு நான்தான் சொல்லிகீறேன்." குரலில் கோபம் இல்லை, ஆனால் இரண்டாவது முறை பர்ஸைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு முழு டிக்கெட் வாங்கினான். கோமதிக்கு ஒன்று, ஜனனிக்கு ஒன்று.

"நீங்க வராம எப்படிங்க?" என்றாள் கோமதி.

"எனக்குத் தலை சுத்தும். அக்காவும் தனியா கீது. போங்க, போங்க."

ஜனனியின் கையில் பச்சைப் பட்டை ஏறிவிட்டது. ஒரு வருடம் தொங்கிச் சம்பாதித்த பட்டை. அவள் அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். முகம் கலங்கிவிட்டது. "நான் மடக்கிக்கிறேன்பா. திரும்ப அளக்கச் சொல்லலாம். நீயும் வாப்பா" என்றாள்.

"வளந்த பொண்ணு மடங்கி நிக்கறதா? அடிங்க! போ, ரயில்ல ஏறிட்டு வா." தலையில் ஒரு தட்டுத் தட்டி வாசலுக்குள் தள்ளிவிட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோமதி கையிலிருந்த புளிசாதத் தூக்கை வாங்கிக்கொண்டேன்.

இனி இந்த வெயிலில் மாலை வரைக்கும் எங்கே காய்வது என்று திரும்பினால், பூங்காவின் மதிலை ஒட்டி ஒரு சவுக்குத் தோப்பு, அதில் இன்னொரு பூங்கா! பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள், கைக்குழந்தைக்குச் சேலையில் தூளி கட்டி ஆட்டுகிறார்கள். பெரும்பாலும் அப்பாக்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சாப்பாட்டுத் தூக்கு, ஒரு குவியல் செருப்பு, மாற்றுத் துணிப் பை. நாங்கள் தோப்புக்குள் நுழையும்போதே ஒருவர் நகர்ந்து பாயில் இடம் கொடுத்தார். "உள்ள எத்தினி பேரு?" என்றார். "ரெண்டு" என்றான் ஏழுமலை. "எனக்கு மூணு" என்றார் அவர். அங்கே அறிமுகம் அவ்வளவுதான்.

இன்னொரு அப்பா வாசலில் மனைவியோடு தெலுங்கில் வாதாடிக்கொண்டிருந்தார். எங்கள் பேராக் மாநிலத் தோட்டங்களில் தெலுங்குக்காரர்கள் நிறைய, அதனால் எனக்குப் புரியும். "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீ போ. தினமும் பைக்கில் இந்த ரோட்டில் வருகிறேனே, அதைவிடவா உள்ளே தூக்கிப் போடப் போகிறார்கள்?" என்றார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவர் வந்து எங்களுக்கு அடுத்த மரத்தடியில் உட்கார்ந்தார்.

தோப்பின் ராணி தனம் அக்கா. பக்கத்துக் குப்பத்துக்காரர். அடுப்பு மூட்டி மீன் வறுத்துக்கொண்டிருந்தார். தடைக்காலம் என்பதால் பெரிய படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. சின்னப் படகில் வந்த நெத்திலியும் கொஞ்சம் சங்கராவும்தான். மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவி, எண்ணெயில் போட்டதும் காற்றே காரமாகிவிட்டது. நெத்திலியை முள்ளோடு கடித்துத் தின்னலாம். நான் தின்ற வேகத்தைப் பார்த்து, "இன்னாம்மா, மலேசியால கடலே இல்லியா?" என்றார். கடல் இருக்கிறது, தனம் அக்கா இல்லை என்றேன். அதற்கு ஒரு மீன் சும்மா கிடைத்தது.

வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "இந்தப் பார்க்கு தொறந்த புதுசுல பஸ்ஸு பஸ்ஸா வருவாங்கம்மா. இஸ்கூல் பஸ்ஸு, கம்பெனி பஸ்ஸு, கல்யாணத்துக்கு வந்த கும்பலு, அல்லாரும் உள்ள பூடுவாங்க. சாயங்காலம் வெளிய வந்தாதான் எனக்கு யாவாரம். இப்போ பஸ்ஸு கொறஞ்சி பூச்சி, காருதான் ஜாஸ்தி. மத்தவங்க வூட்டுக்குப் பாதி உள்ள, பாதி வெளிய. அவன் டிக்கெட் ஏத்த ஏத்த என் அடுப்புக்கு ஆளு ஏறிகினே போவுது." கரண்டியால் மதிலைக் காட்டினார். "நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியல. நான் உள்ள போனதே இல்ல."

எங்கள் நாட்டிலும் மலையுச்சியில் இருக்கிற இதே மாதிரிப் பூங்கா ஒன்றின் டிக்கெட் விலை ஏறிக்கொண்டேதான் போகிறது. ஆனால் எங்கள் பக்கம் டிக்கெட் கைக்கு எட்டாதவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். போனில் படம் பார்த்து, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். இங்கே யாரும் வீட்டில் இருப்பதில்லை. மொத்தக் குடும்பமும் கிளம்பி வந்துவிடுகிறது. எத்தனை பேருக்கு முடியுமோ அத்தனை பேரை உள்ளே அனுப்பிவிட்டு, மிச்சப் பேர் வாசலிலேயே திருவிழா நடத்துகிறார்கள். இப்படி ஓர் உல்லாசப் பயணத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பொறாமையாகவே இருந்தது.

மதியம் கையில் முத்திரை குத்தி உள்ளேயிருந்து வெளியே வர விடுகிறார்கள். ஈரத் தலையும் நைலான் உடையுமாகப் பிள்ளைகள் தோப்புக்குள் பாய்ந்தார்கள். தூக்குகள் திறந்தன. எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், பிரியாணி, எல்லாம் பாய் விட்டுப் பாய் போயின. காவலாளி தன் நாற்காலியை ஒருக்களித்துப் போட்டுக்கொண்டு எதையும் பார்க்காமல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் யாரோ கொடுத்த பிரியாணி அவர் மடியிலும் இருந்தது.

ஜனனி புளிசாதத்தை அவசரமாக விழுங்கினாள். பெரிய ரயிலைக் காலையில் ஓட்டவில்லையாம், சாப்பாட்டுக்கு அப்புறம்தான் விடுவார்களாம். கோமதிக்கு மாடிப்படியில் நின்றாலே மயக்கம் வரும். "தனியாவா ஏறப் போற?" என்றேன்.

"தனியாதான் அத்தை." சோற்றுக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரல் காலையில் இருந்த மாதிரி இல்லை. அருகில் பார்த்திருக்கிறாள் போல, எவ்வளவு உயரம் என்று.

ஏழுமலைக்கும் அது கேட்டது. "பயமா கீதா?" என்றான்.

"இல்லப்பா."

"கம்பியை நல்லா புடிச்சிக்க. கண்ணை மூடாத. மூடினா ஒண்ணும் தெரியாது."

அவள் தலையாட்டிவிட்டு முத்திரைக் கையைக் காட்டி உள்ளே ஓடினாள். கோமதி பின்னாலேயே போனாள். ஏழுமலை தன் பங்குச் சோற்றைத் தொடவே இல்லை. தனம் அக்காவிடம் போய், "யக்கோவ், அந்தப் பெரிய ரயிலு வெளியேந்து எங்க தெரியும்?" என்று கேட்டான். "பஸ்ஸு நிக்கற எடத்தாண்ட போயி நில்லு. உச்சி மட்டும் தெரியும்" என்றார் அவர்.

சாலையோரம் நிழலே இல்லை. கார்கள் புதுச்சேரியை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. மதிலுக்கு மேலே, தென்னை மரங்களுக்கும் மேலே, சிவப்புத் தண்டவாளத்தின் உச்சி வளைவு மட்டும் தெரிந்தது. கடகடவென்ற சத்தத்தோடு வண்டி ஏறி வந்து, உச்சியில் ஒரு கணம் நின்று, அலறலோடு அந்தப் பக்கம் விழுந்து மறைந்தது. அவ்வளவு தூரத்தில் ஆட்கள் புள்ளிகளாகத்தான் தெரிந்தார்கள். ஆணா பெண்ணா, குழந்தையா பெரியவரா, ஒன்றும் தெரியாது.

முதல் வண்டி உச்சிக்கு வந்தபோது ஏழுமலை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். அடுத்த வண்டி வந்தது, ஆட்டினான். அதற்கடுத்ததற்கும் ஆட்டினான். பேருந்துக்கு நின்றவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பஸ் ஓட்டுநர், தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, வண்டியை நிறுத்திவிட்டுத் திட்டிக்கொண்டே போனார். ஏழுமலையின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கையை இறக்கவே இல்லை.

"டேய், அவ எந்த வண்டியில இருக்கான்னு உனக்குத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா." கண்ணை உச்சியை விட்டு எடுக்காமலே சொன்னான். "எதுனா ஒண்ணுல இருப்பா. அந்த ஒண்ணுக்கு நான் கையாட்டாம வுட்டுட்டா?"

கடகடவென்று அடுத்த வண்டி ஏறத் தொடங்கியது. நானும் கையைத் தூக்கினேன்.